டர்போ பொருத்தப்போகும் என்ஜினுக்குப் போர்ட்டைப் பெரிதாக்க வேண்டுமா?

கேள்வி இது: கையில் இருப்பது டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ, அதாவது 1.6 லிட்டர், 16 வால்வு என்ஜின். இப்போது டர்போ இல்லாமல் ஓடுகிறது. பின்னாளில் டர்போ பொருத்தும் எண்ணம் உண்டு. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியிருக்கும் இந்தச் சமயத்திலேயே போர்ட்டிங், அதாவது ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போகும் வழிகளான போர்ட்டுகளைக் குடைந்து சீராக்கும் வேலை, செய்துவிடலாமா? செய்வதானால் டர்போவை எண்ணிப் போர்ட்டுகளை இன்னும் பெரிதாகக் குடைய வேண்டுமா? அல்லது, டர்போதான் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறதே, போர்ட்டிங்கே வீண் செலவா? போர்ட்டுகளைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்து தருவதாக ஒரு பட்டறை சொல்கிறது, அது தேவைதானா?

செய்யலாம். ஆனால் டர்போவுக்காக, காற்று உள்ளே வரும் இன்டேக் போர்ட்டைப் பெரிதாக்கத் தேவையில்லை, கண்ணாடிப் பாலிஷும் தேவையில்லை. ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு, வால்வு மூடும்போது வந்து அமரும் இடமான சீட்டுக்கும் அதை ஒட்டிய ஓரிரு சென்டிமீட்டர் பகுதிக்கும் போக வேண்டும். டர்போ என்ஜினில் வேறுபடுவது பெரும்பாலும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கமும் வெப்பமும்தான். இன்டேக் பக்கத்தில் இரண்டு வகை என்ஜினுக்கும் ஏறத்தாழ ஒரே விதிதான் பொருந்தும். இப்படிச் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கலாம் என்பதால் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

வால்வு திறக்கும்போது காற்றின் வழியைக் கட்டுப்படுத்துவது நாம் வெளியிலிருந்து பார்க்கும் போர்ட்டின் வாய் அன்று. வால்வின் விளிம்புக்கும் சீட்டுக்கும் நடுவே, ஒரு வளையம்போல் உருவாகும் இடைவெளிதான் அதைக் கட்டுப்படுத்துகிறது. வால்வின் சுற்றளவை அது எழும் உயரத்தால் பெருக்கினால் இந்த இடைவெளியின் பரப்பு கிடைக்கும். வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு உயரம் எழுந்தால்தான் இந்தப் பரப்பு வால்வுத் தலையின் முழுப்பரப்புக்குச் சமமாகிறது. 4ஏ-ஜிஇயின் இன்டேக் வால்வு ஏறத்தாழ 30 மி.மீ. விட்டம் உடையது, அதில் கால் பங்கு ஏழரை மி.மீ. நிறுவனம் தந்த கேம் ஷாஃப்ட் வால்வை உயர்த்துவதோ ஏழு மி.மீ. சொச்சம். சீட்டுக்குக் கீழுள்ள தொண்டைப் பகுதி வால்வைவிடக் குறுகலானது, அதனால் கட்டுப்பாடு சீட்டிலிருந்து தொண்டைக்குச் சற்று முன்னதாகவே மாறிவிடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், வால்வு திறந்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் காற்றுக்குத் தடை சீட்டை ஒட்டியே இருக்கிறது. மேலும், வால்வு தன் உச்ச உயரத்தை ஒருமுறைதான் தொடுகிறது. குறைந்த உயரங்களையோ ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையுமாக இரண்டு முறை கடக்கிறது. ஆகவே கேமை மாற்றாமல் போர்ட்டின் நடுப்பகுதியைக் குடைந்து அகலப்படுத்துவது, நெரிசல் வேறிடத்தில் இருக்கச் சாலையை விரிவாக்குவதற்கு ஒப்பானது.

சீட்டில் செய்ய வேண்டிய வேலை பார்வைக்குச் சிறியது. வால்வு வந்து அமரும் முகம் 45 பாகைச் சாய்வில் இருக்கும். எரியறைப் பக்கத்தில் அதற்கு மேலே 30 பாகையிலும், போர்ட் பக்கத்தில் கீழே 60 பாகையிலும் வெட்டி, காற்று ஒரே மூலையில் சட்டென்று திரும்பாமல் படிப்படியாகத் திரும்பும்படி அமைப்பதைத்தான் மூன்று கோணச் சீட் என்கிறோம். கோணங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், கடைசிக் கோணத்தை முழு வளைவாக்கித் தொண்டையுடன் கலந்துவிடுவதும் இதன் நீட்சிகளே. வால்வின் பின்புறத்தில், 45 பாகை முகத்துக்கும் தண்டுக்கும் நடுவே, 30 பாகையில் ஒரு மெல்லிய கூடுதல் வெட்டு இட்டால், குறைந்த உயரத்தில் காற்றோட்டம் பல வால்வுகளில் குறிப்பிடத்தக்க அளவு கூடும். செலவோடு ஒப்பிட்டால் இதைவிடப் பலன் தரும் வேலை ஹெட்டில் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. தொண்டையின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் குடைந்தால் காற்று சீட்டை நெருங்கும்போது அதற்கு வழிகாட்டும் வளைவே இல்லாமல் போகும். ஓட்டம் கூடுவதற்குப் பதிலாகக் குறையும்.

அடுத்து வருவது உள்வளைவு. போர்ட்டின் தளம் வால்வை நோக்கிக் கீழே திரும்பும் அந்தக் குறுகிய திருப்பத்தைப் பட்டறைகளில் ஷார்ட் டர்ன் என்பார்கள். வேகமாக வரும் காற்று இந்த வளைவைப் பற்றிக்கொண்டு திரும்ப முடியாமல் சுவரைவிட்டு விலகினால், அங்கே சுழல்கள் தோன்றி, வால்வின் ஒரு பாதி ஏறத்தாழ வேலையற்றுப் போகும். முழு ஓட்டமும் வெளிவளைவை ஒட்டிய மறுபாதி வழியாகவே நெருக்கியடித்துப் போகும். ஆகையால் இந்த வளைவை எவ்வளவு மென்மையாக்க முடியுமோ அவ்வளவு மென்மையாக்க வேண்டும்; ஆனால் தளத்தைத் தாழ்த்தக் கூடாது. அனுபவமில்லாதவர் டை கிரைண்டரை எடுத்ததும் முதலில் குடைவது, கைக்கு எளிதாக எட்டுவது என்பதால், போர்ட்டின் தளத்தைத்தான். தளம் தாழ்ந்தால் வளைவு இன்னும் கூர்மையாகிறது, ஹெட் கெட்டுவிடுகிறது. அலுமினியத்தை எடுப்பது எளிது, திரும்பச் சேர்ப்பது எளிதன்று. இடம் வேண்டுமென்றால் கூரைப் பக்கத்திலிருந்து எடுப்பதே முறை. ஃபோர்டின் 351 கிளீவ்லாண்ட் என்ஜினின் பெரிய போர்ட் ஹெட்டுகளில் பந்தயக்காரர்கள் தளத்தை எப்பாக்ஸியால் நிரப்பி உயர்த்திய வரலாறு உண்டு. போர்ட்டிங் என்றால் உலோகத்தைச் செதுக்குவது மட்டும் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி அளவைப் பற்றி. 4ஏ-ஜிஇயின் சொந்த வரலாறே இதற்கு நல்ல பாடம். 1983-ல் வந்த முதல் பதிப்பில் இன்டேக் போர்ட்டுகள் பெரியவை. அவ்வளவு பெரிய வழியில் குறைந்த சுழற்சிவேகத்தில் காற்று மந்தமாகிவிடும் என்பதால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள இரண்டு வழிகளில் ஒன்றை மூடிவைக்கும் டி-விஸ் என்ற தட்டு அமைப்பை டொயோட்டா சேர்த்திருந்தது. பின்னாளில் போர்ட்டையே சிறிதாக்கி, டி-விஸ்ஸை எடுத்துவிட்டு, கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதத்தை, 10.3-க்கு உயர்த்திய பதிப்பு ஜப்பானில் 140 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) தந்தது, அது முந்தியதைவிடக் கூடுதல். கம்ப்ரஷனும் வேறு சிலவும் மாறியிருப்பதால் முழுப் பெருமையையும் சிறிய போர்ட்டுக்குத் தர முடியாது. ஆனால் போர்ட்டைச் சிறிதாக்கியது உச்சத் திறனுக்குக் குறுக்கே நிற்கவில்லை என்பது தெளிவு. டர்போ உலகத்திலும் இதே கதை உண்டு. மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ என்ஜினில், 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற எக்லிப்ஸ் கார்களின் ஹெட்டில் இருந்த இன்டேக் போர்ட்டுகள் பெரியவை. 1995-ல் தொடங்கிய அடுத்த தலைமுறையில் அவற்றை நிறுவனமே சிறிதாக்கியது. ஒன்று டர்போ இல்லாதது, மற்றொன்று டர்போ உள்ளது. இரு நிறுவனங்களும் போனது ஒரே திசையில்தான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 4ஏ-ஜிஇயின் சிலிண்டர் விட்டம் 81 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தொலைவு, 77 மி.மீ. 7,600 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 19.5 மீட்டர். பிஸ்டனின் பரப்பை இந்த வேகத்தால் பெருக்கி, இரண்டு இன்டேக் தொண்டைகளின் மொத்தப் பரப்பால் வகுத்தால், காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 95 முதல் 100 மீட்டருக்குள் வருகிறது. டர்போ இல்லாத ஒரு நல்ல என்ஜின் உச்சத் திறனில் ஓடும்போது ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும். இதைவிட வேகம் மிகவும் குறைந்தால் காற்றுத் தூணின் உந்தம் போதாது. மிகவும் கூடினால் ஒலியின் வேகம் குறுக்கே வந்து நிற்கும். வால்வு வழியாகப் போகும் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சார்லஸ் ஃபயெட் டெய்லர் வகுத்த குறியீடு 0.6-ஐத் தாண்டினால் சிலிண்டர் நிரம்பும் அளவு சரியத் தொடங்கும் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட ஒன்று.

டர்போ வந்தால் இந்தக் கணக்கில் என்ன மாறுகிறது? வேகத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ எதுவும் மாறுவதில்லை. டர்போ தரும் கூடுதல் அழுத்தமான பூஸ்ட் கூட்டுவது காற்றின் அடர்த்தியைத்தான். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் இழுப்பது அதே கொள்ளளவைத்தான். அதே ஆர்.பி.எம்.மில் அதே போர்ட்டில் காற்று ஏறத்தாழ அதே வேகத்தில்தான் போகிறது. அழுத்த இழப்பு அடர்த்தியோடு சேர்ந்து கூடும் என்பது உண்மை; ஆனால் ஹெட்டுக்குக் காற்றைப் பகிர்ந்தளிக்கும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டில் உள்ள மொத்த அழுத்தமும் அதே விகிதத்தில் கூடியிருக்கிறது. ஆகவே விழுக்காட்டில் இழப்பு மாறுவதில்லை. டர்போவுக்குப் போர்ட் பெரிதாக வேண்டும் என்பதும், டர்போ இருந்தால் போர்ட்டின் தரம் பொருட்டில்லை என்பதும் ஒன்றுக்கொன்று எதிரான கூற்றுகள் என்றாலும், இரண்டும் தவறுவது இந்த ஒரே இடத்தில்தான். போர்ட்டின் அளவை முடிவு செய்பவை சிலிண்டரின் கொள்ளளவும் எட்டவிரும்பும் சுழற்சிவேகமும்தான். பூஸ்டுக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

டர்போ இல்லாத என்ஜினில் ஹெட் நன்றாக இல்லையென்றால் அந்த இழப்பை ஈடுசெய்ய வழியே இல்லை. வெளியில் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டும். ஆகையால்தான் அங்கே சிறு ஆதாயமும் மதிப்புள்ளது. ஹோண்டா 1995-ல் வெளியிட்ட இன்டெக்ரா டைப் ஆர், 1.8 லிட்டரில் 200 பி.எஸ். திறனை 8,000 ஆர்.பி.எம்.மில் தந்தது. அதன் போர்ட்டுகள் ஆலையிலேயே கையால் சீர்செய்யப்பட்டவை. அந்த என்ஜினில் காற்று வெறுமனே உறிஞ்சப்படவில்லை. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும், வேகம் பிடித்த காற்றுத் தூண் தன் உந்தத்தால் சிலிண்டருக்குள் தொடர்ந்து புகுந்துகொண்டிருக்கும். இன்டேக் வால்வை அடிமட்டத்துக்குப் பிறகு 50, 60 பாகை கழித்து மூடுவது அதற்காகத்தான். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து திரும்பி வரும் தாழ்வழுத்த அலை, இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில், எரியறையில் மிஞ்சிய புகையை இழுத்துக்கொண்டு போய்ப் புதிய காற்றின் ஓட்டத்தைப் பிஸ்டன் இறங்குவதற்கு முன்பே தொடங்கிவைக்கிறது. இந்த இரண்டு வேலைக்கும் வேகம் வேண்டும். போர்ட்டை அகலமாக்கி வேகத்தைக் குறைத்தால், ஹெட்டின் காற்றோட்டத்தை அளக்கும் கருவியான ஃப்ளோ பெஞ்சில் எண் கூடும். சாலையில் கார் மந்தமாகும்.

டர்போ என்ஜினில் மோசமான ஹெட்டின் விலை வேறு வடிவில் வருகிறது. ஒரு பார் பூஸ்ட், அதாவது அழுத்த விகிதம் 2, என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று 30 பாகை செல்சியஸ், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரின் திறம் 70 விழுக்காடு என்றால் கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் காற்று ஏறத்தாழ 125 பாகை சூட்டில் இருக்கும். ஹெட்டைச் சீர்செய்ததால் அதே காற்றின் எடை 1.8 அழுத்த விகிதத்திலேயே உள்ளே போகிறதென்றால், வெளிவரும் சூடு சுமார் 109 பாகையாகக் குறையும். அந்தப் பதினாறு பாகையை, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சுமக்க வேண்டியதில்லை. அதோடு, கம்ப்ரஸரைச் சுழற்றத் தேவையான ஆற்றல் குறைவதால் புகையால் சுழன்று கம்ப்ரஸரை ஓட்டும் டர்பைனுக்கு முன்னால் தேங்கும் அழுத்தமும் குறையும், கலவை தானாகவே வெடித்து எரியும் நாக்கிங் தள்ளிப்போகும், இக்னிஷன் நேரத்தை இன்னும் முன்னதாக வைக்க இடம் கிடைக்கும். பூஸ்டைக் கூட்டி அதே திறனைப் பெற்றுவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பெறும் ஒவ்வொரு குதிரைத்திறனோடும் சூடும் சேர்ந்தே வருகிறது.

எக்ஸாஸ்ட் பக்கம்தான் இரண்டு வகை என்ஜின்களும் உண்மையில் பிரிகின்றன. டர்போ இல்லாத என்ஜினில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் ஓட்டம் இன்டேக்கின் ஓட்டத்தில் 75 முதல் 80 விழுக்காடு இருந்தால் போதும் என்பது வழக்கமான அளவுகோல். வால்வு திறந்த கணத்தில் சிலிண்டருக்குள் பல பார் அழுத்தம் இருப்பதால் புகையின் பெரும்பகுதி தானாகவே பீறிட்டு வெளியேறிவிடும், மிச்சத்தை அலை இழுத்துக்கொள்ளும். டர்போ என்ஜினில் வெளியே இருப்பது திறந்தவெளியன்று, டர்பைன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எப்போதும் அழுத்தம் தேங்கியிருக்கும். சிறிய டர்போ பொருத்திய கார்களில் அது பூஸ்டைவிட மிகுதியாக இருப்பது சாதாரணம். பீறிட்டு வெளியேறும் முதல் கட்டத்தில் எவ்வளவு புகை போகிறதோ, அவ்வளவுக்குப் பிஸ்டன் மேலேறி வரும்போது அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டிய வேலை குறையும். ஆகவே எக்ஸாஸ்ட் வால்வு சிறிதே திறந்த நிலையில் உள்ள ஓட்டத்தை மேம்படுத்துவதுதான் இங்கே முதல் குறி. அதுவும் மீண்டும் சீட்டு வேலைக்கும் உள்வளைவுக்கும்தான் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட்டின் நடுப்பகுதியைப் பெரிதாகக் குடைந்துவிடக் கூடாது. புகையின் வேகமும் வெப்பமும்தான் டர்பைனின் உணவு. போர்ட் பெரிதானால் புகை அங்கேயே விரிந்து வேகத்தை இழக்கும். சுவரின் பரப்பு கூடுவதால் வெப்பம் கூலன்ட்டுக்குப் போய்ச் சேரும். டர்போ விழித்தெழத் தாமதமாகும். போர்ஷே தன் 944 டர்போவின் எக்ஸாஸ்ட் போர்ட்டுகளுக்குள் பீங்கான் உறை வைத்து வார்த்தது இந்த வெப்பத்தைக் காப்பதற்காகத்தான்; புகை சூடாகவே டர்பைனுக்குப் போகும், ரேடியேட்டரின் சுமையும் குறையும். இதை அறிந்த ஒருவர் எக்ஸாஸ்ட் போர்ட்டை மனம்போனபடி குடையமாட்டார்.

வால்வு சீட்டின் அகலத்திலும் டர்போ என்ஜினுக்குத் தனி நிதானம் வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் சீட்டின் வழியாகவும், மீதியைத் தண்டு, அந்தத் தண்டைத் தாங்கும் உறையான கைடு வழியாகவும் ஹெட்டுக்குக் கடத்துகிறது. பந்தய என்ஜினில் ஓட்டத்துக்காக இன்டேக் சீட்டை ஒரு மி.மீ. வரை மெலிதாக்குவார்கள், அதே ஆசையில் டர்போ என்ஜினின் எக்ஸாஸ்ட் சீட்டை மெலிதாக்கினால் வால்வு எரியும். அங்கே ஒன்றரை மி.மீ.க்குக் குறையாமல் வைப்பது நல்லது. அதுபோலவே, போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கைடை அறுத்துத் தரைமட்டமாக்குவது டர்போ இல்லாத பந்தய ஹெட்டில் வழக்கம்; ஒவ்வொரு பந்தயப் பருவத்துக்கும் கைடை மாற்றுபவருக்கு அது கட்டுப்படியாகும். சாலையில் ஓடும் டர்போ காரில் எக்ஸாஸ்ட் கைடைத் தொடாமல் விடுங்கள். கைடைத் தாங்கும் வார்ப்புத் திட்டை மட்டும் இருபுறமும் மீன் உடல்போல் ஒடுக்கினால் போதும்.

எரியறையில் செய்ய வேண்டியது குறைவு, செய்யாமல் விட வேண்டியது மிகுதி. வால்வு விளிம்பை ஒட்டி எரியறைச் சுவர் நெருக்கமாக இருந்தால் அங்கே காற்றுக்கு வழி அடைபடும். சற்று விலக்கிச் செதுக்கலாம். ஆனால் எடுத்த உலோகம் கம்ப்ரஷனில் தெரியும். 4ஏ-ஜிஇயில் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 397 கன செ.மீ.; 10.3 கம்ப்ரஷனில் பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் இடம் 42.7 கன செ.மீ. அதில் 2 கன செ.மீ. கூடினால் கம்ப்ரஷன் 9.9-க்கு இறங்கிவிடும். டர்போ இல்லாமல் ஓட்டுவதானால் ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி அதை மீட்க வேண்டும். டர்போ வரப்போகிறதென்றால் அப்படியே விட்டுவிடலாம், ஆதாயம்கூட. எந்த வழியில் போனாலும் நான்கு அறைகளும் சமமாக இருக்கின்றனவா என்பதைப் பியூரெட்டும் அக்ரிலிக் தட்டும் வைத்து அளந்துவிடுங்கள். கூர்மையான விளிம்புகளை, குறிப்பாகப் பிளக் துளையின் மரைகள் அறைக்குள் எட்டிப்பார்க்கும் இடத்தில், மழுங்கச் செய்வது பூஸ்ட் உள்ள என்ஜினில் கட்டாயம். சிவக்கப் பழுத்த ஒரு சிறு முனையே பிளக்குக்கு முன்பாகப் பற்றவைக்கப் போதுமானது.

இந்த இடத்தில் புதிய என்ஜின்கள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்றைய பல என்ஜின்களில், நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் டர்போ என்ஜின்களில் குறிப்பாக, உள்வளைவின் விளிம்பு வேண்டுமென்றே கூர்மையாக விடப்பட்டிருக்கும். காற்று அந்த விளிம்பில் தளத்தை விட்டெழுந்து, சிலிண்டருக்குள் ஒரு சக்கரம்போல் மேலிருந்து கீழாகப் புரள்வதற்காகவே அது அப்படி அமைக்கப்படுகிறது. அந்தப் புரட்டல்தான் கலவையை விரைந்து எரிய வைக்கிறது. இந்த எண்ணம் புதிதன்று. 1967-ல் வந்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. என்ற ஃபார்முலா 1 பந்தய என்ஜினில் கீத் டக்வொர்த் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு இடையிலான கோணத்தை 32 பாகையாகக் குறுக்கி, எரியறையைத் தட்டையாக்கி, காற்று இப்படிப் புரள வழிசெய்தார். டொயோட்டாவின் அண்மைக்கால 2.5 லிட்டர் என்ஜினில், சீட்டைத் தனி வளையமாக அழுத்திச் செருகாமல், லேசர் கொண்டு உலோகத்தை ஹெட்டின்மீதே படியவைத்திருக்கிறார்கள். வளையத்துக்கு வேண்டிய இடம் மிச்சமாவதால் போர்ட்டை நேராகவும் புரட்டலுக்கு ஏற்றதாகவும் அமைக்க முடிந்தது. அப்படிப்பட்ட ஹெட்டில் அந்த விளிம்பை வழவழப்பாக்கினால் பெஞ்சில் எண் கூடும், எரிதல் மந்தமாகும், நாக்கிங் முன்னதாகவே வந்துவிடும். 4ஏ-ஜிஇ போன்ற பழைய ஹெட்டுகளுக்கு இந்தக் கவலை குறைவு.

ஃப்ளோ பெஞ்ச் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெட்டுக்குள் போகும் காற்றை அளந்து பார்த்து வடிவமைக்கும் முறையை 1920-களிலேயே பிரிட்டனில் முன்னெடுத்தவர் ஹாரி வெஸ்லேக். பின்னாளில் ஜாகுவார் எக்ஸ்.கே. ஹெட்டுக்கும் பி.எம்.சி.யின் ஏ-சீரிஸ் ஹெட்டுக்கும் அவருடைய கைவண்ணம் உண்டு. இன்று பெரும்பாலான பட்டறைகள் 28 அங்குல நீர் அழுத்தத்தில் சோதித்து, நிமிடத்துக்கு இத்தனை கனஅடி என்று எழுதித் தருகின்றன. அந்த எண்ணைச் சிலிண்டர் எண்ணிக்கையாலும் 0.257-ஆலும் பெருக்கினால் டர்போ இல்லாத ஒரு முழுப் பந்தய என்ஜின் எட்டக்கூடிய குதிரைத்திறன் தோராயமாகக் கிடைக்கும் என்பது பரவலாகப் புழங்கும் சூத்திரம். 28 அங்குல நீர் என்பது ஏழு கிலோபாஸ்கல்தான். ஓடும் என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் இருப்பது அதன் பல பத்து மடங்கு. ஆகவே பெஞ்ச் எண் ஒப்பிடுவதற்கு உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது. பட்டறைக்காரர் உச்ச உயரத்தில் உள்ள ஓர் எண்ணை மட்டும் காட்டினால், ஒவ்வொரு மி.மீ. உயரத்திலும் வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளைக் கேளுங்கள். போர்ட்டின் கொள்ளளவு எவ்வளவு கூடியது என்றும் கேளுங்கள். கொள்ளளவு அவ்வளவாகக் கூடாமல் ஓட்டம் கூடியிருந்தால் அவர் வேலை தெரிந்தவர்.

கண்ணாடிப் பாலிஷ் பார்வைக்கு அழகு, அவ்வளவே. சொரசொரப்பான சுவருக்கும் வழவழப்பான சுவருக்கும் பெஞ்சில் காணும் வேறுபாடு சொற்பம். 4ஏ-ஜிஇயில் பெட்ரோல் போர்ட்டுக்குள் தெளிக்கப்படுகிறது. அதன் ஒரு பகுதி சுவரில் படலமாகப் படிந்துதான் உள்ளே போகிறது. சற்றுச் சொரசொரப்பான சுவர் அந்தப் படலத்தைச் சிதைத்து ஆவியாக உதவும். பளபளப்பான சுவரில் அது திரண்டு வழியும், குளிர்ந்த என்ஜினில் இன்னும் மிகுதியாக. 60 அல்லது 80 எண் எமரியோடு இன்டேக்கை நிறுத்திவிடலாம். எக்ஸாஸ்டை இன்னும் வழவழப்பாக்கினால் கரி படிவது சற்றுத் தாமதப்படும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அதுவும் கறுத்துவிடும்.

கேஸ்கெட்டுக்குப் பொருந்தப் போர்ட் வாயை விரிப்பதும் பட்டறைகளின் வழக்கங்களில் ஒன்று. வாயை மட்டும் விரித்து உள்ளே பழைய அளவிலேயே விட்டால், காற்று முதலில் விரிந்து பிறகு மீண்டும் ஒடுங்கும், அது நட்டம். மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே காற்றின் திசைக்கு எதிராக விளிம்பு துருத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பதே பார்க்க வேண்டியது. காற்று போகும் திசையில் வழி சற்றுப் பெரிதாவதால் கேடில்லை. எக்ஸாஸ்ட் பக்கத்தில் குழாய் போர்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால், புகை பின்னோக்கி வருவதை அந்தப் படி ஓரளவு தடுக்கவும் செய்யும்.

உங்கள் ஹெட்டுக்கு என் பரிந்துரை: முதலில் அது பெரிய போர்ட் பதிப்பா, சிறிய போர்ட் பதிப்பா என்று பாருங்கள். சிறியது என்றால் இன்டேக்கில் வார்ப்புத் தழும்புகளை நீக்கி, உள்வளைவை மென்மையாக்கி, கைடுத் திட்டை ஒடுக்கி நிறுத்துங்கள். பெரியது என்றால் போர்ட்டின் நடுப்பகுதியில் கிரைண்டரே படக் கூடாது. இரண்டிலும் புதிய கைடு, மூன்று கோணச் சீட், இன்டேக் வால்வில் பின்வெட்டு. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் கைடு தளர்ந்திருந்தால் சீட்டை மையம் பிசகாமல் வெட்ட முடியாது. எக்ஸாஸ்டில் உள்வளைவு மட்டும். குடையத் தொடங்குமுன் சுவரின் தடிமனை அல்ட்ராசானிக் கருவியால் அளந்துவிடச் சொல்லுங்கள்; பழைய வார்ப்புகளில் மணற்கரு சற்று விலகியிருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்திருக்கும், பூஸ்டின் அழுத்தத்தில் கூலன்ட் கசிவது அங்கேதான் தொடங்கும். காயலான் கடையில் உடைந்த ஹெட் ஒன்று கிடைத்தால் அதைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

டர்போ பொருத்திய பிறகு நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. டர்போ தன் எல்லையை ஒட்டி ஓடும் என்ஜினில் ஹெட்டைச் சீர்செய்தால் பூஸ்ட் மீட்டர் முன்பைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். மேனிஃபோல்டில் காற்று தேங்குவது குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள், டர்போ கெட்டுவிட்டது என்பதன்று. எதிர்ப்புறமாக, அதே பூஸ்டில் இப்போது கூடுதல் காற்று உள்ளே போகிறது. காற்றின் எடையை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள காரில், அந்தச் சென்சாரின் எல்லைக்குள் இருக்கும்வரை, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் இ.சி.யு.வுக்கோ ஹெட் மாறியது தெரியாது. அது பழைய அளவிலேயே பெட்ரோலைத் தந்து, கலவையை மெலிந்ததாக்கி, முழுப் பூஸ்டில் பிஸ்டனை உருக்கிவிடும். ஆகவே ஹெட்டைப் பூட்டிய கையோடு, திறனை அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றிப் பெட்ரோல் அளவையும் இக்னிஷனையும் புதிதாக வரையும்வரை பூஸ்டில் ஓட்ட வேண்டாம்.